கண்மாய் வண்டல் என்று சொல்லி உப்பு மண்ணைக் கொட்டுகிறார்கள், கவனம்

உச்சிப்புளி, மண்டபம் பக்கம் வீட்டு முன்னால் பூச்செடி வளர்ப்பவர்கள் இதைத் தயவுசெய்து படியுங்கள். "மண்ணை மாத்தித் தர்றோம், தோட்டம் போட்டுத் தர்றோம்" என்று டிராக்டரோடு வந்தவரிடம் பணத்தையும் செடிகளையும் சேர்த்தே பறிகொடுத்திருக்கிறோம்.

வீடு கட்டும்போது லாரியும் கலவை மெஷினும் நின்ற இடத்தில்தான் எங்கள் பூப்பாத்தி. மண் அப்படியே இறுகிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்கி நிற்கும். செம்பருத்தி வருடக்கணக்கில் ஒரே உயரத்தில் நின்றது. வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது செத்த மண்ணுக்கா. மேல ஒரு அடிக்குக் கண்மாய் வண்டல் போட்டு, மக்குன உரம் கலந்து, ஜிப்சம் தூவிட்டாப் போதும். குச்சிய நட்டாலும் பூக்கும்" என்றார்.

கொட்டியது வண்டலே இல்லை. மேலாகக் கொஞ்சம் கறுப்பு மண், அடியில் முழுக்க உப்பேறிய சவட்டு மண். நல்ல வண்டல் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் வெண்ணெய் போலக் குழையும். கட்டியை உடைத்தால் கோரை வேரும் சின்ன நத்தை ஓடும் கிடைக்கும். எங்களுக்கு வந்ததில் கிடந்தது உடைந்த கடல் சிப்பி. தண்ணீர் ஊற்றி நாலு வெயில் பட்டதும் பாத்தி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்புக் கரித்தது. மல்லிகை இலைகள் ஓரத்திலிருந்து கருகிக்கொண்டே வந்து கொட்டின.

அதைவிடக் கொடுமை, ஈர மண்ணில் ஜேசிபியை ஏற்றி 'லெவல்' பண்ணியது. இறுகிய மண்ணை ஈரத்தில் மிதித்தால் இன்னும் இறுகத்தான் செய்யும். கீழே வடிய வழி இல்லாத தண்ணீர் வெயிலில் ஆவியாகும்போது உப்பு மேலே வந்து தங்கிவிடுகிறது. மக்கிய உரம் என்று விற்ற மூட்டையில் இருந்தது பச்சைத் தென்னை நார்க்கழிவு. அது மக்குவதற்கு மண்ணில் இருக்கும் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும், பிழைத்த செடிகளும் மஞ்சளாகிவிடும். ஜிப்சமும் எல்லா உப்பு மண்ணுக்கும் மருந்து இல்லை. சோடியம் மிகுந்த களர் மண்ணுக்குத்தான் அது. அங்கேயும் நல்ல தண்ணீர் விட்டு வடித்தால்தான் பலன். சோடியம் மிகாமல் உப்பு மட்டும் ஏறிய உவர் மண்ணில் தூவினால் காசுக்குக் கேடு.

போன் பண்ணிக் கேட்டால், "கடக் காத்துக்கா, இங்க எந்தச் செடியும் அப்படித்தான்" என்கிறார். பக்கத்து வீட்டிலும் அதே காற்றுதான் அடிக்கிறது, அங்கே கனகாம்பரம் செழிப்பாக நிற்கிறது. அவர்கள் வெளியிலிருந்து மண்ணே வாங்கவில்லை. லேசான ஈரப்பதத்தில் கடப்பாரையால் நெம்பி விட்டு, பழைய ஆட்டு எருவைக் கலந்து, மேலே சருகு மூடாக்குப் போட்டதோடு சரி. ஐப்பசி, கார்த்திகை மழை உப்பைக் கழுவிக்கொண்டு போக வாய்க்காலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். அப்புறம் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மண்ணோடு மடக்கினார்கள். உவரைத் தாங்கி வளரும் செடி அது. இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும், ஆனால் பெரிய செலவு இல்லை.

உங்கள் வாசலுக்கும் யாராவது வண்டல் என்று வந்தால், எந்தக் கண்மாய், அனுமதிச் சீட்டு எங்கே என்று முதலில் கேளுங்கள். கண்மாயில் வண்டல் அள்ள அரசு அனுமதி வேண்டும். டிப்பரைத் தூக்க விடுவதற்கு முன் லோடின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் மண் எடுங்கள். மேல் மண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு கேன் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, தெளிந்த நீரைச் சோதியுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர், வீட்டில் குடிநீருக்கு வைத்திருப்பதே போதும். வெறும் கேன் தண்ணீரை விட எண் கொஞ்சம் கூடத்தான் செய்யும், தாறுமாறாக எகிறினால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். வாங்கியே ஆக வேண்டும் என்றால் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் ஒரு மாதிரி கொடுத்து, உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துதிறனும் கார அமில நிலையும் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள். ராமநாதபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையமே இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம்.

கொட்டிய மண்ணை இப்போது ஆள் வைத்து அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருக்கிறோம். கொடுத்த பணம் இன்னும் திரும்பவில்லை. அதே ஆள் தங்கச்சிமடம் பக்கமும் ஆர்டர் பிடிப்பதாகக் கேள்விப்பட்டதால்தான் உடனே எழுதுகிறேன். அங்கே சொந்தக்காரர்கள் இருந்தால் சொல்லிவிடுங்கள்.