மோட்டார் சைக்கிள் போன் ஹோல்டர்: ஆறு மாதப் பாவனைக்குப் பிறகு

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள கடையொன்றில் 1,850 ரூபாய்க்கு வாங்கிய, பெட்டியில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லாத அலுமினியப் போன் ஹோல்டர் ஒன்று ஆறு மாதங்களாக என் மோட்டார் சைக்கிளில் இருக்கிறது. சுன்னாகத்திலிருந்து யாழ் நகருக்குக் காங்கேசன்துறை வீதியால் தினமும் வேலைக்குப் போய்வருகிறேன்.

பிடிமானத்தில் குறை சொல்ல இடமில்லை. றப்பர் பதித்த நான்கு கவ்விகளும் போனின் மூலைகளை இறுகப் பற்றிக்கொள்கின்றன; குன்றும் குழியுமான ஒழுங்கைகளில்கூட ஒருமுறையேனும் நழுவியதில்லை. சித்திரை வெயிலில் போன் கொதிக்கும், மாரியில் நனையும். மோட்டார் சைக்கிளின் பலத்த அதிர்வு ஐபோன் கமராவைக் காலப்போக்கில் பழுதாக்கலாம் என்று 2021 இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருப்பதையும் வாங்குவோர் கவனிக்க வேண்டும்.

நான் எழுத வந்தது வேறொன்று. "இதைப் பூட்டினால் பொலிஸ் மறிக்காது அண்ணை" என்று சொல்லித்தான் கடையில் இருந்த தம்பி இதை எனக்கு விற்றார். வாகனம் ஓட்டும்போது கையடக்கத் தொலைபேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது இலங்கையில் குற்றம். பிடிபட்டால் தண்டம் கட்ட வேண்டும். ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் இடையில் போனைச் செருகிக்கொண்டு பேசிச் செல்பவர்களை நாள்தோறும் காண்கிறோம். அவர்களைவிட நான் ஒழுங்கானவன் என்ற நம்பிக்கையை இந்த ஹோல்டர் எனக்குத் தந்தது. அந்த நம்பிக்கைதான் இதன் பெரிய குறை.

வாங்கிய மூன்றாம் வாரம், மாலையில் இணுவிலைக் கடந்துகொண்டிருந்தேன். திரையில் அம்மாவின் குறுஞ்செய்தி ஒளிர்ந்தது. கையை எடுக்கவில்லை, வேகத்தைக் கூட்டவில்லை. கண்ணை மட்டும் தாழ்த்தி இரண்டு வரிகளை வாசித்தேன். நிமிர்ந்தபோது, கரியரில் கீரைக்கட்டுகளை அடுக்கியிருந்த சைக்கிளொன்று வலப்பக்க ஒழுங்கைக்குத் திரும்ப, எனக்கு நேர் முன்னே குறுக்காக நின்றது. பிரேக்கை இறுக்கினேன், முன்சில்லு அவருடைய மட்காட்டைத் தொட்டு நின்றது, இரண்டு கட்டுக் கீரை தாரில் விழுந்தது. அந்தப் பெரியவர் கோபப்படவில்லை. "தம்பி, நான் கை காட்டினனானெல்லே, காணேல்லையோ?" என்று மட்டும் கேட்டார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. கீரையைப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தபோது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர் கடக்கிறோம். இரண்டு செக்கன் வாசித்தால் 28 மீற்றர், அதாவது அவர் கையை நீட்டித் திரும்பத் தொடங்கிய தூரம் முழுவதையும், நான் கண் கட்டியவனைப் போல ஓடியிருக்கிறேன். போன் பாவிக்கும் சாரதி விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு என்றும், கையில் பிடிக்காமல் பேசுவது அதைவிடப் பெரிதாகப் பாதுகாப்பானதல்ல என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கை சும்மா இருந்தாலும் மனம் உரையாடலில் இருப்பதால், கண்ணில் படுவதுகூடக் கருத்தில் பதியாமல் போகிறது. பிரித்தானியாவில் கையில் பிடித்தால் 200 பவுண் தண்டமும் சாரதி அனுமதிப்பத்திரத்தில் 6 தண்டப் புள்ளிகளும் கிடைக்கும். ஹோல்டரில் இருந்தாலும், வாகனம் முறையான கட்டுப்பாட்டில் இல்லையென்று கண்டால் அங்கே பொலிஸார் வழக்குத் தொடரலாம். கவனம் எங்கே சிதறுகிறது என்பதையும் பார்க்கும் அந்த ஏற்பாடு எனக்குச் சரியாகப் படுகிறது.

ஹோல்டரை நான் கழற்றவில்லை. தென்மராட்சியில் முன்பின் தெரியாத ஒழுங்கைகளுக்குப் போகும் நாள்களில், புறப்படும் முன்பே வழியைப் போட்டு, அழைப்புகளையும் செய்திகளையும் மறிக்கும் அமைப்பை இயக்கிவிட்டு, அதைப் பயன்படுத்துகிறேன். வழியில் ஐயம் வந்தால் ஓரமாக நிறுத்திப் பார்க்கிறேன். அந்த ஒரு தேவைக்கு இது நல்ல பொருள், கொடுத்த காசுக்குத் தகும். ஓடிக்கொண்டே பேசலாம், செய்தி பார்க்கலாம் என்ற எண்ணத்தில் யாரும் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வேலை நாள்களில் என் போன் பைக்குள் கிடக்கிறது. ஐந்து மணி முதல் ஆறு மணி வரை எடுக்கமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் இப்போது ஆறரைக்குத்தான் அழைக்கிறார்.