சென்னை வீட்டில் இன்வெர்ட்டர் ஏசி: எந்த மாதத்துக்கு எத்தனை டிகிரி?

சென்னையில் 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசியை (தேவைக்கேற்பக் கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை) வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான்: 26 டிகிரி, சீலிங் ஃபேன் இரண்டாம் நம்பர். காற்று மேலே பட்டால் உடம்புக்கு இரண்டு டிகிரியாவது குறைந்த மாதிரி இருக்கும். அதனால் 26 என்பது 24 போலத்தான் தோன்றும். பெரும்பாலான மாதங்களுக்கு இது போதும். சிக்கல் வருவது மழைக்காலத்தில். கத்திரியைவிட ஐப்பசியில்தான் ஏசியைச் சரியாக வைப்பது கஷ்டம்.

ஸ்டார் லேபிள் உள்ள ஏசிகளுக்கு 2020 ஜனவரி 1 முதல் 24 டிகிரி என்பது தொடக்க அளவாகக் கட்டாயமாக்கப்பட்டது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது, ஸ்டார் லேபிள் கொடுக்கும் மத்திய அரசு அமைப்பான பி.இ.இ. சொல்லும் கணக்கு. அதற்காக 24-ஐத் தாண்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் பலர் அப்படியேதான் விட்டுவிடுகிறார்கள்.

வெயிலிலிருந்து வந்ததும் 18 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. அறை 33 டிகிரியில் இருக்கும்போது 24 வைத்தாலும் 18 வைத்தாலும் கம்ப்ரசர் தொடக்கத்தில் முழு வேகத்தில்தான் ஓடும். வித்தியாசம் அப்புறம்தான்: 24-ஐத் தொட்டதும் வேகம் குறையும். மே மாதத்தில் மேல்மாடி அறை 18-ஐத் தொடவே தொடாது, விடிய விடிய முழு வேகம்தான். இன்வெர்ட்டருக்குக் கொடுத்த அதிகப் பணம் அங்கே வீண்.

ரிமோட்டில் 26 என்று இருந்தால் கட்டிலருகே 26 இருக்கும் என்று அர்த்தமில்லை. சென்சார் உள்யூனிட்டுக்குள், ஃபில்டருக்குப் பக்கத்தில், கூரையை ஒட்டி இருக்கிறது. சூடான காற்று மேலே தேங்குவதால் அது காட்டுவது மேல்காற்றின் அளவு. தலையணைப் பக்கத்தில் வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்றை வையுங்கள். சில நூறு ரூபாய்தான், ஏசிக்கு வாங்கும் எந்த ஸ்டெபிலைசரையும்விட இது சொல்லும் விஷயம் அதிகம். சில மாடல்களில் ‘ஐ ஃபீல்’, ‘ஃபாலோ மீ’ என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கினால் ரிமோட்டில் உள்ள சென்சார் அளவெடுத்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை யூனிட்டுக்கு அனுப்பும். அப்போது ரிமோட் யூனிட்டைப் பார்த்து இருக்க வேண்டும். செட்டாப் பாக்ஸ் மேலே கிடந்தால், அந்தச் சூட்டை அறையின் சூடு என்று நம்பி ஏசி ஓடிக்கொண்டே இருக்கும்.

கத்திரியில் மேல்மாடிக்காரர்களுக்குத் தொல்லை காற்றில் இல்லை, காங்கிரீட்டில். பகலெல்லாம் குடித்த சூட்டைக் கூரை இரவு பத்து, பதினொரு மணி வரை கீழே இறக்கும். மீட்டர் 26 காட்டினாலும் நெற்றி வேர்க்கும். அந்த நேரத்துக்கு 24 வைத்து ஸ்லீப் மோடைப் போட்டுவிடுவது நல்லது. பெரும்பாலான மாடல்களில் அது மணிக்கு ஒரு டிகிரி வீதம் இரண்டு டிகிரி கூட்டும். கூரை ஆறும் நேரத்தில் தானாகவே 26-க்கு வந்துவிடும். மொட்டை மாடியில் வெள்ளைக் கூல் ரூஃப் பெயின்ட் அடித்த வீடுகளுக்கு இந்த வித்தை பெரும்பாலும் தேவைப்படாது.

இப்போது மழைக்காலம். வெளியே 26 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். அறை ஏற்கெனவே 27-இல் இருக்க, 26 வைத்தால் கம்ப்ரசருக்கு வேலையே இல்லை. மெதுவாக ஓடும், உள்யூனிட்டில் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான ‘காயில்’ போதிய அளவு குளிராது, காற்றிலுள்ள ஈரம் வடியாது. மெத்தை விரிப்பு நசநசவென்றிருக்கும், தரையில் கால் ஒட்டும். உடனே எல்லோரும் 22-க்கு இறக்குகிறார்கள். குளிரும் வந்துவிடும், கசகசப்பும் முழுசாகப் போகாது. செய்ய வேண்டியது ஏசியின் ஃபேனை ‘லோ’வில் வைத்து 25 கொடுப்பது. காற்று மெதுவாகப் போனால் காயில் அதிகம் குளிரும், தண்ணீர் அதிகம் பிரியும். அல்லது ஈரத்தை இழுப்பதற்கென்றே உள்ள டிரை மோட். மீட்டரில் ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம் வந்தால் 27 டிகிரிகூடச் சுகம்தான். வேலை நடக்கிறதா என்று பார்க்க, ஏசித் தண்ணீர் வெளியேறும் டிரெய்ன் குழாயைக் கவனியுங்கள்: மழை இரவில் அது நிற்காமல் சொட்ட வேண்டும். சொட்டவே இல்லையென்றால் வெறும் குளிர்காற்றுதான் வருகிறது. ஈரத்துணியை அந்த அறையிலேயே கொடி கட்டிக் காயப்போட்டால் எந்த மோடும் உதவாது.

டிரை மோடை மே மாதத்தில் போட்டுப் பார்த்து, குளிரவில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. அதன் வேலை அதுவல்ல.

பழைய இன்வெர்ட்டர் இல்லாத ஏசிகளில் இன்னொரு கோளாறு: கம்ப்ரசர் நின்ற பின்னும் ஃபேன் ஓடி, காயிலில் நின்ற தண்ணீரைத் திரும்ப அறைக்குள்ளேயே ஊதிவிடும். அவற்றில் மழைக்காலத்துக்கு டிரை மோட் மட்டுமே.

எந்த டிகிரியிலும் குளிர்ச்சி போதவில்லையென்றால், எண்ணைக் குறைக்கும் முன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தினமும் ஓடும் ஏசிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவல் அவசியம். உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது. காயிலில் பனி கட்டினால் ஒன்று ஃபில்டர் அடைப்பு, இல்லையென்றால் கேஸ் குறைவு. உள்யூனிட்டிலிருந்து சுவரில் தண்ணீர் வழிந்தால் பெரும்பாலும் டிரெய்ன் குழாயில் பாசி.

பில் விஷயத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்ற கோட்டைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் வந்த கட்டண முறையில், அதைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் இரட்டிப்பு விலை. கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் வீட்டுக்கு, 24-லிருந்து 26-க்கு ஏற்றுவது நேரடியாகப் பலன் தரும் மாதங்கள் ஏப்ரல் முதல் ஜூன் வரைதான்.

மார்கழி, தையில் ஏசி வேண்டாம், ஃபேனே ஒன்றாம் நம்பரில் போதும். அந்த இரண்டு மாதத்தில் சர்வீஸை முடித்துவிட்டால், மார்ச்சில் மெக்கானிக்கின் போனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கடற்கரையோர வீடுகள் என்றால் வெளியூனிட்டின் அலுமினிய ஃபின்களை (மெல்லிய தகடுகளை) உப்பு அரிக்கும். சர்வீஸ் வரும்போது அதையும் நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள், ஆனால் அழுத்தம் அதிகமான பம்ப்பில் அடித்தால் ஃபின் மடங்கிவிடும்.