பாம்பின் கால், பல்லியின் புடைப்பு

நெல்லிக்குப்பம் கரும்புக் காட்டில் அடிபட்டுச் செத்த சாரை ஒன்றைப் பார்த்தேன். வாலருகே முள்முள்ளாக இரண்டு சதைத்துண்டுகள் பிதுங்கியிருந்தன. "பாம்புக்குக் கால் பாருங்க" என்றார் ஒரு பெரியவர். அது கால் இல்லை, ஆணுறுப்பு.

பாம்புக்கும் பல்லி, ஓணான், உடும்புக்கும் அடிப்படை ஒன்றுதான். ஆணுறுப்பு இரண்டு. உள்பக்கம் புரட்டிவிட்ட சட்டைக்கை போல வாலின் அடியில் மடங்கிக் கிடக்கும். புணரும்போது ஒன்று மட்டுமே வெளியே வரும். விந்து குழாய்க்குள் போகாது, மேலே உள்ள பள்ளத்தில் வழியும். சிறுநீர் கழிக்க இது உதவாது.

வித்தியாசம் எங்கே? பாம்பின் உடல் ஒடுங்கியது, அதனால் வலது விரை முன்னாலும் இடது பின்னாலும் தள்ளியிருக்கும். பல்லியில் அவை கிட்டத்தட்ட பக்கம்பக்கமாக இருக்கும். கண்ணாடிவிரியனின் ஒவ்வோர் உறுப்பும் நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். உடும்பின் உறுப்புக்குள் சிறு எலும்பு போன்ற தாங்கி உண்டு. எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்!

வெளியிலிருந்து ஆணை அடையாளம் காணப் பல்லியே சுலபம். சுவரில் ஒட்டியிருக்கும்போதே வாலடியில் இரட்டைப் புடைப்பு தெரியும். ஆண் ஓணானுக்கு இனப்பெருக்கக் காலத்தில் தலை சிவக்கும். பாம்பில் வால் சற்று நீளம், அடி தடிமன், அவ்வளவுதான். வாலை அழுத்திப் பார்க்காதீர்கள், அதற்குக் காயமாகும்.

அப்புறம், சாரைகள் நிமிர்ந்து பின்னிக்கொள்வதை இணைசேர்வது என்பார்கள். அவை பெரும்பாலும் சண்டையிடும் இரண்டு ஆண்கள்.