16 ஜிபி போனும் கேட்காமல் இறங்கும் அப்டேட்டும்

தம் அப்பாவுக்கு வாங்கிக் கொடுக்கலாமா என்று நண்பர் ஒருவர், என் அம்மா பயன்படுத்தும் இந்தப் போனைப் பற்றி என்னிடம் கேட்டார். இதே மாடல், ஒருவர் பயன்படுத்தியது, மிகக் குறைந்த விலைக்கு அவருக்குக் கிடைக்கிறதாம். அண்மையில் பேட்டரி மாற்றிய பிறகு என் அம்மாவின் கையில் இது நன்றாக ஓடுவதையும் அவர் பார்த்திருக்கிறார். 2017இல் வாங்கியது, 2 ஜிபி ரேம், 16 ஜிபி ஸ்டோரேஜ், ஆண்ட்ராய்டு 7 என்பதற்கு மேல் விவரங்களை அடுக்கத் தேவையில்லை. நிறுவனத்தின் பெயரையும் விட்டுவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதல்ல.

பொருளாகப் பார்த்தால் இது மிக நல்ல போன். பின்மூடியைக் கழற்றி, எந்தக் கருவியும் இல்லாமல், பழைய பேட்டரியை எடுத்துவிட்டுப் புதியதைப் போட முடிகிறது. இன்று விற்கும் பெரும்பாலான போன்களில் அந்த வசதி இல்லை. சிக்னல் குறைவாக வரும் உள்ளறையிலும் குரல் தெளிவாகக் கேட்கிறது. ஹெட்போன் மாட்டும் துளை இருக்கிறது; எஃப்எம் ரேடியோ இணையம் இல்லாமலே பாடுகிறது; அம்மாவுக்கு அது ஒன்றே போதும். பலமுறை கீழே விழுந்தும் திரையில் விரிசல் விழவில்லை.

ஆனால் இத்தனை நற்குணங்களையும் மறக்கடிக்கும் அளவுக்கு என்னை வதைத்தது, கேட்காமலே தானாக இறங்கும் அப்டேட். பெட்டியில் 16 ஜிபி என்று போட்டிருந்தாலும், சிஸ்டமும் உடன் வந்த செயலிகளும் போக நம் பயன்பாட்டுக்குக் கிடைத்தது 9 ஜிபி சொச்சம். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. போனுடன் வரும் செயலிகளின் மூலப்பிரதி சிஸ்டம் பகுதியில் அப்படியே இருக்கும். அவற்றைப் புதுப்பிக்கும்போது புதிய பிரதி நம் பங்கிலிருந்து இடத்தை எடுத்துக்கொள்ளும். வாட்ஸ்அப்போ நாள்தோறும் அதிகாலையில் உரையாடல்களைப் போனிலேயே ஒரு நகல் எடுத்து, அண்மைய சில நாள்களின் நகல்களைச் சேர்த்தே வைத்திருக்கும். ஆகவே ஒன்றும் செய்யாமலே இடம் குறைந்துகொண்டுதான் வரும். மெமரி கார்டு போட்டுப் படங்களை அங்கே மாற்றினேன். வாட்ஸ்அப்பில் வருபவை மட்டும் போனின் உள்நினைவகத்தையே நாடின.

இந்த நெருக்கடியில்தான் ஆண்ட்ராய்டு 8க்கான அப்டேட், 1 ஜிபிக்கு மேல், ஓர் இரவில் தானாக இறங்கியது. எங்கள் வீட்டில் அப்போது கம்பி வழி இணையம் கிடையாது. சிம் போட்ட சிறிய வைஃபை டாங்கிள் ஒன்றைத்தான் எல்லோரும் பகிர்ந்துகொண்டோம். நாளுக்கு 1.5 ஜிபி என்ற அளவு தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸுக்குச் சரிந்துவிடும். போனுக்கு அந்த வேறுபாடெல்லாம் தெரியாது; வைஃபை என்றால் அளவில்லாத இணைப்பு என்றே அது எடுத்துக்கொண்டது. இறங்கி முடித்த பின்னர், நிறுவுவதற்குப் போதிய இடம் இல்லை, இன்னும் 2 ஜிபிக்கு மேல் காலி செய்யுங்கள் என்றது. நிறுவ இடம் இருக்கிறதா என்பதை இறக்குவதற்கு முன்பே பார்த்திருக்க முடியும். அந்தக் கணக்கைப் போடாமலே ஒரு நாளின் இணையத்தையும் எஞ்சியிருந்த இடத்தையும் எடுத்துக்கொண்டு, பயன்படாத கோப்பாக அது உள்ளே கிடந்தது. அதை மெமரி கார்டுக்கு மாற்றவும் வழியில்லை. அழித்தாலோ, அடுத்த முறை வைஃபையில் சேர்ந்ததும் மீண்டும் இறங்கியது. விற்ற வீட்டின் அறைக்குள் விற்றவரே வந்து தம் மூட்டைகளை இறக்கிவிட்டுப் போவதற்கு இது ஒப்பானது.

"ஏம்பா, போன் நிறைஞ்சு போச்சுன்னு சொல்லுதே, எதை அழிக்கட்டும்?" என்று அம்மா கேட்பது வாடிக்கையாகிவிட்டது. இடம் தீர்ந்ததும் வாட்ஸ்அப் படங்களை இறக்க மறுத்துவிடும்; கேமராவும் எடுக்க மறுத்துவிடும். இடத்தைப் பிடித்திருப்பது அப்டேட் கோப்பு என்பது அம்மாவுக்குத் தெரிய வழியில்லை, ஏனென்றால் ஸ்டோரேஜ் பக்கத்தில் அது சிஸ்டம் கணக்கில் மறைந்திருந்தது. அவர் கண்ணுக்குத் தெரிந்தவை பேத்தியின் படங்களும் உறவினர்கள் அனுப்பிய குரல் பதிவுகளும்தான். அவற்றையே அழித்தார். நான் ஊருக்குப் போய்ப் பார்ப்பதற்குள், குழந்தை முதன்முதலாக நடந்தபோது எடுத்த வீடியோ போய்விட்டிருந்தது. யாரும் கேட்காத ஒரு கோப்புக்கு இடம் விடுவதற்காக அந்த வீடியோ போனதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பாதுகாப்பு அப்டேட்டுகளுக்கு நான் எதிரியல்லன் என்பதைச் சொல்லியாக வேண்டும். 2015இல் வெளிப்பட்ட ஸ்டேஜ்ஃபிரைட் என்னும் ஓட்டையின் வழியாக, ஒரு எம்எம்எஸ் வந்து சேர்ந்தாலே, அதைத் திறக்காமலே கூட, ஆண்ட்ராய்டு போனுக்குள் பிறர் நுழைய வாய்ப்பிருந்தது. அதன் பிறகுதான் கூகுள் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது. வயதானவர்கள் எந்த இணைப்பையும் தட்டிவிடக்கூடியவர்கள். அவர்கள் போனுக்கு இந்தத் திருத்தங்கள் மிகவும் தேவை. அதனால்தான் ஒரு விடுமுறையில் படங்களையெல்லாம் கணினிக்கு மாற்றி, வேண்டிய இடத்தை உண்டாக்கி, அந்தப் பெரிய அப்டேட்டை நானே நிறுவினேன். போன் சற்று மந்தமானது, விசைப்பலகை தாமதமாக எழும்பியது, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அடுத்தடுத்து வந்த சிறிய திருத்தங்களும் சில நூறு எம்பி அளவில் அதே போலக் கேட்காமல் இறங்கி, அதே போல இடம் இல்லை என்று நின்றன. திருத்தத்தை வரவேற்கும் ஒருவரையே வெறுப்படையச் செய்யும் முறை பாதுகாப்புக்கும் உதவாது.

தொழில்நுட்பத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. பழைய முறையில் முழுக் கோப்பையும் போனில் இறக்கி வைத்து, பின்பு ரிக்கவரி என்னும், போனின் வழக்கமான இயக்கத்துக்கு வெளியே உள்ள தனி நிலைக்குப் போய் நிறுவ வேண்டும். 2016இல் ஆண்ட்ராய்டு 7 உடன் வந்த புதிய முறையில் சிஸ்டம் பகுதி இரு பிரதிகளாக இருக்கும். ஓடாத பிரதியில் அப்டேட் பின்னணியில் நிறுவப்படும். 2017இல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது, கோப்பை நம் இடத்தில் சேமிக்காமலே நேரடியாக அந்தப் பிரதிக்குள் எழுதவும் வழி செய்தார்கள். ஆனால் இரண்டு பிரதிகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்பதால், மிகச் சிறிய நினைவகம் கொண்ட போனில் அது எளிதல்ல. எங்கள் போனில் அது இல்லை. அந்த நடைமுறைச் சிக்கலை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்டுவிட்டு இறக்குவதற்கு எந்தப் புதிய தொழில்நுட்பமும் தேவையில்லை.

விலை உயர்ந்த போன்களும் இதிலிருந்து தப்பவில்லை. 2013இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸின் 7ஆம் பதிப்பு வந்தபோது, வேண்டாம் என்றவர்களின் ஐபோன்களிலும் அது வைஃபை வழியாகத் தானே இறங்கி இடம் பிடித்தது. அடுத்த ஆண்டு வந்த ஐஓஎஸ் 8ஐப் போனிலேயே நிறுவ ஏறக்குறைய 4.6 ஜிபி காலியிடம் வேண்டியிருந்தது. 16 ஜிபி ஐபோன் வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டுக்குப் பின், ஐஓஎஸ் 9இல் அதை 1.3 ஜிபியாகக் குறைத்தார்கள். இறக்கத்தைத் தடுப்பதற்காக, ஆப்பிள் டிவியின் சோதனைப் பதிப்புக்குரிய புரொஃபைலை (அமைப்புக் கோப்பை) ஐபோனில் போட்டு, அது தனக்குரிய அப்டேட்டைத் தேடாதபடி திசைதிருப்பும் உத்தியைப் பயனர்களே கண்டுபிடித்துப் பரப்பினார்கள். தானாக இறக்குவதா வேண்டாமா என்பதற்கென்று தனி சுவிட்ச் 2020 ஜூலையில் ஐஓஎஸ் 13.6 உடன்தான் வந்தது. 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம், பழைய போன்களைப் பாதித்த அப்டேட்டுகள் தொடர்பான விசாரணையில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. விளைவைப் போதிய அளவு விளக்காமல் நிறுவும்படி தொடர்ந்து தூண்டியதும், பழைய நிலைக்குத் திரும்ப வழி வைக்காததும் அங்கே குற்றமாகக் கருதப்பட்டன. அந்த வழக்கு வேகத்தைப் பற்றியது. இடத்தைப் பற்றியும் அதே கண்டிப்புடன் யாராவது கேட்க வேண்டும் என்பது என் விருப்பம்.

எங்கள் போனுக்கு நான் செய்து பார்த்தவற்றையும் சொல்கிறேன். செட்டிங்ஸில் 'வைஃபையில் தானாக டவுன்லோட்' என்ற சுவிட்சை அணைத்தேன்; முக்கியமான அப்டேட் என்று நிறுவனம் குறித்தவை அதையும் மீறி இறங்கின. டாங்கிளின் இணைப்பை அளவு வரம்புள்ளது என்று குறித்துவைத்தேன். பிளே ஸ்டோர் அதை மதித்தது, நிறுவனத்தின் அப்டேட் செயலி மதிக்கவில்லை. அந்தச் செயலியை முடக்கும் பொத்தானோ அழுத்த முடியாதபடி மங்கியிருந்தது. நிறுவனம் இந்த மாடலுக்கான ஆதரவை நிறுத்திய பிறகும், கடைசித் திருத்தம் மட்டும் இறங்குவதும் இடமின்றி நிற்பதுமாகத் தொடர்ந்தது. முடிவில், கணினியிலிருந்து வரும் கட்டளைகளைப் போன் ஏற்பதற்கான யூஎஸ்பி டீபக்கிங் என்ற அமைப்பை இயக்கி, கணினியில் இணைத்து, அப்படிக் கட்டளை அனுப்பும் ஏடிபி என்ற கருவியின் வழியாக அந்தச் செயலியை முடக்கினேன். அதன் பின்னர்தான் போன் அமைதியானது. ஆனால் கணினியும் கட்டளை வரியும் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால்தான் ஒரு தாயின் போன் அவர் சொல்படி நடக்கும் என்பதை நியாயம் என்று ஏற்க முடியாது.

எனவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். பேட்டரி நன்றாக இருக்கிறது, குரல் தெளிவாக இருக்கிறது, விலையும் குறைவுதான், எல்லாம் உண்மை. எதையாவது அழித்தால்தான் ஓடும் என்று நிற்கும் போனை, எதை அழிக்கலாம் என்று தெரியாத ஒரு பெரியவரின் கையில் கொடுக்கக் கூடாது. பழைய போன்தான் வேண்டுமென்றால் 64 ஜிபிக்குக் குறையாததைத் தேடுங்கள். விற்பவரிடமிருந்து வாங்கும் முன், செட்டிங்ஸில் சாஃப்ட்வேர் அப்டேட் பக்கத்தைத் திறந்து, தானாக இறக்குவதை நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறதா, இறங்கிய கோப்பு ஏதேனும் நிறுவப்படாமல் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.