முதல் 70.3-க்கு ரோடு பைக்கா, டிடி பைக்கா?

1.9 கிமீ நீச்சல், 90 கிமீ சைக்கிள், 21.1 கிமீ ஓட்டம்னு மூணையும் அடுத்தடுத்து முடிக்கிற 70.3 (பாதி தூர அயர்ன்மேன் டிரையத்லான்) போட்டில மொத தடவ இறங்குறவங்களுக்கு வர்ற பெரிய கேள்வி இதான். டிடி பைக் (டைம் ட்ரையல் ரேஸுக்கான சைக்கிள்) வேகம்தான், சந்தேகமே இல்ல, குனிஞ்சு முழங்கைய ஏரோபார்ல (ஹேண்டில்பார்ல முன்னாடி நீட்டிட்டு இருக்குற கம்பி) ஊன்றி ஓட்டும்போது காத்து எதிர்ப்பு நல்லாவே கொறையும், ஆனா அந்த பொசிஷன்ல மாசக்கணக்கா பழகலன்னா பாதி தூரத்துலயே கழுத்தும் இடுப்பும் புடிச்சுக்கும், அப்புறம் எங்க ஓடுறது? போதாததுக்கு பிரேக் புடிக்க ஏரோபார்ல இருந்து கைய மாத்தணும். ரோடு பைக்னா (வளைஞ்ச ஹேண்டில்பார் உள்ள ரேஸ் சைக்கிள்) வளைவு, இறக்கம் எல்லாம் தைரியமா போலாம். தனியா வாங்கி மாட்டுற கிளிப்-ஆன் ஏரோபார் மாட்டிட்டா அந்த காத்து லாபம் கொஞ்சம் இதுலயும் வரும். நான் ரோடு பைக்லதான் முடிச்சேன், ஓட்டத்துக்கு கால்ல தெம்பு மிச்சம் இருந்துச்சு. டிடி வாங்குற காசுல மொதல்ல ஒரு நல்ல பைக் ஃபிட் (உடம்புக்கு ஏத்த மாதிரி சீட், ஹேண்டில்பார சரி பண்றது) பண்ணிக்கோங்க.