வீடியோ கேம் பற்றி எதை வாசிக்கலாம்? கிரிட்டிக்கல் டிஸ்டன்ஸ் தளமும் அது காட்டும் வழியும்

சிறந்த வீடியோ கேம் வலைப்பூக்கள் எவை என்று கூகுளில் தேடுபவருக்கு ஐம்பது, நூறு என்று எண்ணிக்கை போட்ட பட்டியல்கள் வந்து குவியும். அவற்றுள் பெரும்பகுதி ஒரே செய்திக்குறிப்பைத் தலைப்பை மட்டும் மாற்றி வெளியிடும் செய்தித் தளங்களே. அடுத்த டிரெய்லர் எப்போது வருகிறது என்பதைச் சொல்ல அவை போதும். ஒரு கேமை விளையாடி முடித்தபின் அதைப் பற்றி யோசித்து எழுதியவரைக் கண்டுபிடிக்க அவை உதவா. அந்தத் தேடலுக்கு நான் அறிந்தவரை மிகவும் பயன்படும் சேவை 2009இல் தொடங்கப்பட்டு இன்றுவரை வாசகர் நன்கொடையில் நடந்துவரும் கிரிட்டிக்கல் டிஸ்டன்ஸ் என்னும் தளம்.

இது சொந்தமாகக் கேம் விமர்சனம் எழுதும் தளமன்று. உலகம் முழுவதும் தனிமனிதர்களின் வலைப்பூக்களிலும் சிற்றிதழ்களிலும் வெளியான கேம் கட்டுரைகளிலிருந்து தேர்ந்தெடுத்த சிலவற்றை வாரந்தோறும் ஒரே பதிவாகத் தொகுத்துத் தருகிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் தொகுப்பாளர் ஓரிரு வரிகளில் அறிமுகம் எழுதி, கட்டுரையிலிருந்து ஒரு பத்தியையும் எடுத்துக் காட்டுவதால், எழுதியவரின் நடை நமக்குப் பிடிக்குமா என்பது உள்ளே போகும் முன்பே தெரிந்துவிடுகிறது. தேர்வு செய்பவர் மனிதர், அதுவும் வாசித்துவிட்டுத் தேர்வு செய்பவர் என்பதே இதன் முதல் தகுதி. வாசகர்களும் தாங்கள் கண்ட நல்ல கட்டுரைகளை அனுப்பி வைக்கலாம் என்பதால், இருபது பேர் மட்டுமே வாசிக்கும் ஒரு வலைப்பூவும் பெரிய தளங்களுக்குப் பக்கத்தில் இடம்பெற வாய்ப்பு உண்டு.

வாரத் தொகுப்பைவிட நான் மதிப்பது, ஒரே கேமைப் பற்றி வெவ்வேறு காலங்களில் வெளியான எழுத்துகளைத் திரட்டித் தரும் அதன் நீண்ட தொகுப்புகளை. 2007இல் வெளியான பயோஷாக் பற்றிய விவாதத்தை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டே கிளின்ட் ஹாக்கிங் தம் வலைப்பூவில் அந்தக் கேமின் மீது ஒரு கூர்மையான குற்றச்சாட்டை வைத்தார். லிட்டில் சிஸ்டர் என்னும் சிறுமிகளைக் காப்பாற்றுவதா, அவர்களிடமுள்ள சக்தியை உறிஞ்சிக்கொள்வதா என்று முடிவுசெய்யும் உரிமையைக் கேமின் விதிகள் நமக்குத் தருகின்றன. ஆகவே தன்னலத்தோடு ஆடுவதற்கு அங்கே இடமிருக்கிறது. கதையோ அட்லஸ் என்னும் கதாபாத்திரத்துக்கு உதவியே தீர வேண்டும் என்று நம்மைக் கட்டாயப்படுத்துகிறது, மறுப்பதற்கு வழியே கிடையாது. ஆட்டம் ஒன்றைச் சொல்ல, கதை அதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது என்பது அவர் வாதம். ஹாக்கிங் வெறும் பார்வையாளர் அல்லர். அப்போது யுபிசாஃப்ட் என்னும் கேம் நிறுவனத்தில் இருந்த அவர், மறு ஆண்டு வெளியான ஃபார் க்ரை 2 கேமின் படைப்பு இயக்குநர். கைத்தொழில் தெரிந்த ஒருவர் இன்னொரு தொழிலாளியின் வேலையைப் பிரித்துப் பார்த்து எழுதிய அந்தக் கட்டுரையை ஆதரித்தும் மறுத்தும் பின்னர் எத்தனையோ பேர் எழுதினார்கள். மதிப்பெண் போட்டு முடித்துவிடும் விமர்சனத்தில் இத்தகைய உரையாடல் பிறப்பதில்லை.

குறைகளும் உண்டு. தேர்ந்தெடுக்கப்படும் கட்டுரைகளில் கல்விப்புல வாடை தூக்கலாக இருக்கும் வாரங்கள் வரும். அந்த வாரங்களில் நான் பாதியிலேயே விலகிவிடுவதுண்டு. எழுதுபவர்களில் வட அமெரிக்கர்களே மிகுதி என்பதால், ஐந்தாயிரம் ரூபாய் அளவில் விற்கும் ஒரு புதிய கேமை வாங்குவதா வேண்டாமா என்ற நம்மூர்க் கவலை அங்கே எழுவதில்லை. பழைய தொகுப்புகளில் செத்துப்போன இணைப்புகளும் நிறைய.

இத்தகைய தளத்தின் பயன் அது அறிமுகம் செய்யும் மனிதர்களில் இருக்கிறது. நான் விடாமல் தொடர்பவர்களில் முதல்வர் ஜிம்மி மெஹர். டிஜிட்டல் ஆன்டிகுவேரியன் என்ற வலைப்பூவில் 2011 முதல் கணினிக் கேம்களின் வரலாற்றை ஏறத்தாழக் கால வரிசையிலேயே எழுதி வருகிறார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1979இல் தொடங்கிய இன்ஃபோகாம் நிறுவனம், ஸோர்க் முதலிய எழுத்து வழிக் கேம்களால் பெயர்பெற்று, பின்னர் கார்னர்ஸ்டோன் என்னும் அலுவலக மென்பொருளில் பணத்தைக் கொட்டிச் சரிந்து, 1986இல் ஆக்டிவிஷன் என்னும் இன்னொரு கேம் நிறுவனத்தின் கைக்குப் போன கதையை அவர் எழுதியிருக்கும் விதத்தில், கணக்குப் புத்தகமும் கலைப்படைப்பும் ஒருசேர விரிகின்றன. அந்தக் காலத்தில் பணியாற்றியவர்களே பின்னூட்டங்களில் வந்து தகவலைத் திருத்துவதும், அவர் கட்டுரையை மாற்றி எழுதுவதும் அங்கே வழக்கம். ஆண்டுவாரியாகத் தொகுத்த மின்னூல்களை இலவசமாகவே தருகிறார். கேம் ஆடுவதற்கென்றே உள்ள கருவிகளான கன்சோல்கள் பக்கம் அவர் அதிகம் திரும்புவதில்லை என்பதால், நின்டெண்டோ வளர்ந்த கதையை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள்.

வாங்கும் முடிவுக்கு உதவுபவை வேறு. கணினிக் கேம்களுக்கு மட்டுமென 2007இல் தொடங்கிய ராக் பேப்பர் ஷாட்கன், பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடாமலே விமர்சனம் எழுதும் வழக்கமுடையது. ஆகவே கடைசி வரிக்குத் தாவிவிட முடியாது, வாசித்தே ஆக வேண்டும். அதன் ஞாயிற்றுக்கிழமைப் பதிவும் நல்ல கட்டுரைகளுக்கு வழிகாட்டுவதே.

ஒரு கேம் எந்தக் கருவியில் எவ்வளவு சீராக ஓடுகிறது என்று அளந்து சொல்லும் தொழில்நுட்ப எழுத்தில் டிஜிட்டல் ஃபவுண்டரிக்கு நிகரில்லை. 2020 டிசம்பர் 10ஆம் தேதி சைபர்பங்க் 2077 வெளியானபோது, விமர்சகர்களுக்கு முன்கூட்டித் தரப்பட்டது கணினிப் பதிப்பு மட்டுமே. வானளாவப் புகழ்ந்த விமர்சனங்கள் அனைத்தும் அதை வைத்து எழுதப்பட்டவை. பழைய பிளேஸ்டேஷன் 4இல் அதே கேம் விநாடிக்கு 30 பிரேமைக்கூட (திரையில் மாறும் படங்களின் எண்ணிக்கை) எட்ட முடியாமல் தடுமாறியதை டிஜிட்டல் ஃபவுண்டரி அளந்து காட்டியது. அதே மாதம் சோனி தன் இணையக் கடையிலிருந்து அந்தக் கேமையே நீக்கியது. மீண்டும் அது விற்பனைக்கு வந்தது 2021 ஜூனில். எந்தக் கருவியில் ஆடிப் பார்த்தேன், பிரதி யார் கொடுத்தது என்ற இரண்டையும் சொல்லாத விமர்சனத்தை அதன்பிறகு நான் வாசிப்பதில்லை. விளம்பரப் பணம் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கும் பழைய சான்று உண்டு: 2007இல் கேன் அண்ட் லின்ச் கேமுக்குக் குறைந்த மதிப்பெண் தந்த ஜெஃப் கெர்ஸ்ட்மன், அந்தக் கேமின் விளம்பரங்கள் நிறைந்திருந்த கேம்ஸ்பாட் தளத்தின் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். விளம்பரம் தந்த தரப்பின் அழுத்தம் பின்னணியில் இருந்ததை 2012இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

தமிழில் இந்த வகை எழுத்து மிகக் குறைவு. கேம் பற்றிய தமிழ்ப் பேச்சு பெரிதும் யூடியூபிலேயே நடக்கிறது.

இந்தத் தளங்களைத் தொடர்வதற்கு, புதிய பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டித் தரும் ஆர்.எஸ்.எஸ். (RSS) முறையே சிறந்தது. அதற்கென இருந்த கூகுள் ரீடர் 2013இல் மூடப்பட்டாலும் ஃபீட்லி, ஈனோரீடர் இரண்டும் இலவசக் கணக்கில் இந்த வேலையைச் செய்கின்றன. பிடித்த கட்டுரையை அவ்வப்போது பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளவும் வேண்டும். 1991 முதல் வெளிவந்த கேம் இன்ஃபார்மர் இதழ் 2024 ஆகஸ்டில் மூடப்பட்டபோது, அதன் இணையதளத்தில் ஒரேயொரு விடைபெறும் அறிவிப்பு மட்டும் எஞ்ச, பழைய கட்டுரைகள் அனைத்தும் காணாமற்போயின. 2025 மார்ச்சில் அந்த இதழ் புதிய உரிமையாளரிடம் மீண்டும் உயிர்பெற்றது. தனிமனிதரின் வலைப்பூ மூடப்பட்டால் அப்படி வாங்க ஒருவர் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.