பிராய் மேசைக்கு ஒரு கொக்கிச் சட்டம்: சட்டம் இருக்கட்டும், திருகாணிகள் வேண்டாம்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோவில், இரவில் அலையோசை கேட்கும் தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. தணலில் இறைச்சி வாட்டுவதை இங்கே பிராய் என்பார்கள்; பின்முற்றத்தில் அதற்கென நிற்கும் மேசை என் மாமனார் காலத்தது. 40 மில்லிமீட்டர் சதுரக் குழாயில் நான்கு கால்கள், மேலே 1.6 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, இடப்பக்கம் கரி போடும் தொட்டி, வலப்பக்கம் தட்டுகளை வைக்க இரண்டு முழ இடம், அவ்வளவுதான். மேசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இடுக்கியையும் திருப்பியையும் மசாலா தடவும் தூரிகையையும் வைக்க அதில் ஓர் இடமும் கிடையாது. அவை நாற்காலியிலும் சன்னல் விளிம்பிலும் கிடக்கும். கறி கருகத் தொடங்கும்போது மட்டும் எதுவும் கண்ணில் படாது. இந்தத் தொல்லை தீரட்டும் என்று ஆகஸ்டு இறுதியில் ஒரு வன்பொருள் கடையில் 379 ராண்ட் கொடுத்து, மேசையின் பக்கவாட்டில் பொருத்தும் கொக்கிச் சட்டம் ஒன்றை வாங்கினேன். ஐந்து மாதம் பயன்படுத்திய பின் எழுதுகிறேன்: சட்டம் வாங்கத் தக்கதே, அதனோடு சிறு பையில் போட்டுக் கொடுத்த திருகாணிகளைப் பிரிக்காமலே ஒதுக்கிவிடுவது நல்லது.

சட்டம் 60 சென்டிமீட்டர் நீளம். மடித்து வளைத்த தகட்டின் கீழ்விளிம்பில் ஆறு கொக்கிகளும், மேலே புட்டிகள் வைக்க 8 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு தட்டும், முதுகில் நான்கு துளைகளும் இருக்கின்றன. அட்டைப் பெட்டியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். நம் வீடுகளில் எல்லாவற்றையும் எவர்சில்வர் என்று ஒரே பெயரில் அழைத்துவிடுகிறோம். உண்மையில் அதில் வகைகள் உண்டு. சமையல் பாத்திரத்துக்குப் பெயர்பெற்ற 304 வகையில் நிக்கல் இருப்பதால் காந்தம் ஏறக்குறைய ஒட்டாது. நிக்கல் சேர்க்காத 430 வகையில் காந்தம் பளிச்சென்று ஒட்டிக்கொள்ளும். விலையும் குறைவு, உப்பைத் தாங்கும் திறனும் குறைவு. குளிர்பெட்டியின் கதவில் இருந்த காந்தப் பொம்மையை எடுத்து இந்தச் சட்டத்தில் வைத்தேன், விழவே இல்லை. 379 ராண்டுக்கு வேறு எதையும் எதிர்பார்த்திருக்கக் கூடாது என்பது சரிதான், ஆனாலும் பெட்டியின் மேல் வகையை அச்சிட்டிருந்தால் கடலோரத்தில் வாழ்கிறவர்கள் தெரிந்து வாங்குவார்கள்.

துளை போடும் வேலைக்குப் பயந்து முன்பே ஒரு காந்தப் பட்டையை வாங்கி ஏமாந்தவன் நான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சமையலறைக் கத்திகளுக்கு அது அருமையான பொருள். பிராய் மேசைக்கு இரண்டு காரணங்களால் உதவாது. என்னிடம் இருந்த நல்ல இடுக்கி 304 வகை, ஆகவே பட்டையில் ஒட்டவே மறுத்தது. மேலும், சாதாரண நியோடைமியம் காந்தங்கள் 80 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால் தங்கள் வலிமையில் ஒரு பகுதியை நிரந்தரமாக இழந்துவிடுகின்றன. கரித்தொட்டிக்கு அருகிலுள்ள தகடு அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். இரண்டே மாதத்தில் பட்டை தானே நழுவிச் சாம்பலில் விழுந்தது.

எனவே இந்த முறை, எந்த இடத்தில் பொருத்துவது என்பதற்கே ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டேன். மேசையின் வலப்பக்க விளிம்பிலும் முன்விளிம்பிலும் ஒரு சாணுக்கு ஒன்றாகச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு கிழித்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் மெழுகுவத்தியிலிருந்து ஒரு சொட்டு விட்டு ஆறவைத்தேன். பிறகு வழக்கமாகப் போடும் அளவுக்குக் கரியைக் குவித்து ஒன்றரை மணி நேரம் எரியவிட்டேன். சாதாரண மெழுகு ஏறக்குறைய 60 பாகையில் உருகும். தொட்டியின் ஓரத்திலிருந்து இரண்டு சாண் வரை இருந்த சொட்டுகள் கரைந்து வழிந்தன. அதற்கப்பால் இருந்தவை வெறுமே மென்மையாயின. வலப்பக்க விளிம்பில் விட்டவை விட்டபடியே இருந்தன. சூடு தொட முடியாத இடத்தில் தொங்கினால்தான் இடுக்கியின் பிடியை வெறுங்கையால் எடுக்க முடியும் என்பதால் வலப்பக்க விளிம்பையே தேர்ந்தேன். காற்றும் அதற்கு ஒத்துக்கொண்டது. இந்தக் கடற்கரையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ கரையை ஒட்டியே வீசுகிறது. எங்கள் மேசை அதற்குக் குறுக்கே நிற்பதால், கொழுப்புச் சொட்டி எழும் புகை வலப்பக்கம் திரும்புவது அரிது. புகைப் போக்கில் மாட்டிய கருவி ஒரே வாரத்தில் பிசுபிசுத்துப்போகும்.

இடம் சரியாக அமைந்தும் முதல் பொருத்தல் நிலைக்கவில்லை. பையில் இருந்தவை துத்தநாக முலாம் பூசிய, தாமே துளையிட்டுக்கொண்டு இறங்கும் நான்கு திருகாணிகள். கையேட்டில் இருந்த படத்தின்படியே அவற்றைத் தகட்டில் நேரடியாக இறக்கினேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது, எனக்கும் பெருமையாக இருந்தது. புரட்டாசி முடிந்த முதல் சனிக்கிழமை அன்று, ஒரு மாதமாகக் கறியைத் தொடாத குடும்பம் முழுவதும் ஆட்டுத் துண்டுகளுக்காகக் காத்திருந்த நேரத்தில், இடுக்கியை எடுக்க நான் சற்றே கீழ்நோக்கி இழுத்தேன். சட்டம் ஒரு பக்கம் சாய்ந்து, புட்டிகள் உருண்டு, ஆறு கருவிகளும் சிமெந்துத் தரையில் சிதறின. "காவடிக்கு முன்னாலேயே மேளம் வந்துவிட்டதா?" என்று உள்ளேயிருந்து அக்கா கேட்டார்.

கழன்ற திருகாணியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முலாம் எங்கும் இல்லை. தலைக்குக் கீழே கழுத்துப் பகுதி செம்பழுப்பாக அரித்து, நகத்தால் கீறினால் உதிர்ந்தது. ஏழே வாரத்தில் இப்படியா என்று வியந்தபோது, துறைமுகத்துக் கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு அண்ணா அதன் கணக்கை எடுத்துச் சொன்னார். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் ஒரு சிறு மின்கலம் உண்டாகிறது. அதில் தாழ்ந்த உலோகம் கரைந்து உயர்ந்த உலோகத்தைக் காக்கிறது. கரைவது பெரிய பரப்பாகவும் காக்கப்படுவது சிறியதாகவும் இருந்தால் அரிப்பு பரவலாகி மெதுவாக நடக்கும். இங்கோ அது தலைகீழ்: அகலமான எவர்சில்வர்ச் சட்டத்துக்காகச் சுண்டுவிரல் அளவு முலாம் திருகாணி தன்னை இழந்துகொண்டிருந்தது. "தம்பி, திருகாணி எப்போதும் சட்டத்தைவிட உசத்தியாக இருக்க வேண்டும், மட்டமாக இருக்கக் கூடாது" என்றார் அவர். போதாததற்கு, 1.6 மில்லிமீட்டர் தகட்டில் திருகாணியின் மரை ஒன்றரைச் சுற்றுதான் பிடித்துக்கொள்கிறது. கருவிகளின் எடை இரண்டு கிலோவுக்குள்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் கொக்கியிலிருந்து இழுக்கும் இழுப்பு நெம்புகோல் போல மேல்துளைகளில் விழுகிறது.

இரண்டாம் பொருத்தலுக்கு 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள 316 வகை ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகள் நான்கை வாங்கினேன். மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்குவதில் 304-ஐ விட இது மேல். படகுச் சாமான்கள் விற்கும் கடைகளில் தனித்தனியாகவும் கிடைக்கிறது. தகட்டுக்குப் பின்னால் 3 மில்லிமீட்டர் கனமும் 30 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பட்டை இரும்பை வைத்து, நான்கு போல்ட்டுகளும் அதையும் கடந்து வரும்படி செய்தேன். கூர்முனை இரும்புக் குறிப்பானை வைத்து ஒரு தட்டு தட்டிப் பள்ளம் செய்து, முதலில் 3 மில்லிமீட்டர், பிறகு 6.5 மில்லிமீட்டர் அலகால், டிரில்லை மெதுவாக ஓட்டி இடையிடையே எண்ணெய்ச் சொட்டு விட்டுத் துளைத்தேன். துளையின் பிசிறை அரத்தால் எடுத்தபின், வெளியே தெரிந்த வெறும் இரும்புக்கு வெப்பம் தாங்கும் கறுப்பு வண்ணம் பூசி ஒரு நாள் காயவிட்டேன். இந்தப் படியைத் தவிர்த்தால் துரு துளையிலிருந்துதான் தொடங்கும். சூட்டில் இரும்பும் எவர்சில்வரும் வெவ்வேறு அளவில் விரியுமே, துளையை இன்னும் பெரிதாகப் போட வேண்டாமா என்று மச்சான் கேட்டார். 60 சென்டிமீட்டர் நீளத்தில், 60 பாகை சூடேறினாலும் இரண்டுக்குமான வேறுபாடு 0.2 மில்லிமீட்டருக்குள்தான் வருகிறது. அரை மில்லிமீட்டர் தளர்வுள்ள துளை அதற்குத் தாராளம்.

நட்டுகளில் ஒரு கவனம் வேண்டும். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டுகள் தாமாகக் கழலாது என்றாலும், ஏறக்குறைய 120 பாகைக்கு மேல் அந்த நைலான் பிடியை இழக்கும். நான் தேர்ந்த விளிம்பு அவ்வளவு சூடாவதில்லை என்று மெழுகு காட்டியிருந்தது. இருந்தும் சாதாரண நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் போட்டேன். எவர்சில்வர் போல்ட்டில் எவர்சில்வர் நட்டை மின்கருவியால் வேகமாக முறுக்கினால் மரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியாகிவிடும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு விரல் நுனிக் கிரீசும் கைச் சாவியும் இருந்தால் அந்த வம்பு இல்லை. போல்ட், நட், பட்டை எல்லாம் சேர்த்து 140 ராண்ட் கூடுதலாக ஆயிற்று.

இனி சட்டத்தைப் பற்றி. கொக்கிகளுக்கு இடையே 9 சென்டிமீட்டர் இடைவெளி. இடுக்கி, திருப்பி, முள், தூரிகை இவற்றுக்குப் போதும். கறியை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும் மூடுவலையை மட்டும் மாட்ட முடியாது. அதன் பிடி பக்கத்துக் கொக்கியை மறைத்துவிடுகிறது. அதற்கு மேசைக் காலில் தனியே ஒரு கொக்கி பொருத்தியிருக்கிறேன். ஆனால் கொக்கிகள் ஆறு என்பது எங்களைப் போன்ற வீட்டுக்கு எவ்வளவு பொருத்தம் என்பதைப் புரட்டாசியில்தான் கண்டேன். செப்டம்பர் 24 இந்த நாட்டில் மரபுரிமை நாள். 1995 முதல் பொது விடுமுறை, பலருக்கு அதுவே பிராய் நாள். அது ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் புரட்டாசிக்குள் வந்து விழுவதால், அண்டை வீடுகளில் இறைச்சி வாட்டும் மணம் எழும்போது எங்கள் தணலில் சோளமும் கத்தரிக்காயும் பனீரும் வேகும். அதற்கென்று வேறு இடுக்கி, வேறு தூரிகை. வலப்பக்கம் மூன்று கொக்கிகளைச் சைவக் கருவிகளுக்கு ஒதுக்கி, அவற்றின் பிடியில் மஞ்சள் நூல் கட்டிவிட்டேன். அம்மாவும் இப்போது எந்த இடுக்கி எதைத் தொட்டது என்று விசாரிப்பதில்லை.

மேல்தட்டு எனக்குத் திருப்தி தரவில்லை. அதன் விளிம்பு இரண்டு சென்டிமீட்டர் உயரமே இருப்பதால் பலத்த காற்றில் உயரமான எண்ணெய்ப் புட்டி நிற்பதில்லை. காற்று விட்டாலும் குரங்கு விடாது: இந்தப் பக்கத்து வெர்வெட் குரங்குகள் மதில் மேல் வரிசையாக உட்கார்ந்து நாம் உள்ளே போகும் நேரத்துக்குக் காத்திருக்கும். மிளகாய்த்தூள் புட்டியை எடுத்துச் சென்ற குட்டி அதைத் திறந்து பார்த்ததா என்பது தெரியவில்லை, ஆனால் புட்டி திரும்பி வரவில்லை. கீழ்விளிம்பின் உட்புறத்தைத் தயாரிப்பாளர் மழுக்காமல் விட்டிருக்கிறார். துடைக்கும்போது என் விரலைக் கீறியது. பொருத்துவதற்கு முன்பே அரத்தால் இரண்டு முறை இழுத்துவிடுங்கள்.

சட்டத்தின் தகட்டில் டிசம்பரிலேயே தேயிலைக் கறை போன்ற பழுப்புப் புள்ளிகள் தோன்றின. 430 வகைக்குக் கடலோரத்தில் இது இயல்பு; மேற்பரப்போடு நிற்கும், சட்டத்தை உடனே அரித்துவிடாது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, தகட்டின் கோடுகள் போகும் திசையிலேயே துணியால் துடைத்தால் புள்ளிகள் மங்குகின்றன. இரும்பு நார் கொண்டு தேய்க்கக் கூடாது. அதன் துணுக்குகள் தகட்டில் பதிந்து தாமே துருப்பிடிக்கும். கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் சாட்ஸ்வொர்த்தில் என் தங்கை வீட்டில் இதே சட்டம் ஒரு புள்ளியும் இல்லாமல் தொங்குகிறது. ஆகவே உள்நாட்டில் இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். என்னைப்போல் கடலை ஒட்டியிருப்பவர்கள், கிடைத்தால் விலை கூடுதலானாலும் 304-ஐத் தேடுங்கள், காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே கடைக்குப் போங்கள்.

புதிய போல்ட்டுகளைப் பொருத்தி மூன்று மாதம் ஆகிறது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று சாவியை வைத்து நான்கு நட்டுகளையும் இறுக்கிப் பார்க்கிறேன். இதுவரை ஒன்றுகூடக் கால் சுற்றும் திரும்பவில்லை.